காவல் தளர்ந்த உடல்



2022 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் வாரம். பதினைந்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்குக் கொரோனாத் தடுப்பூசி போடும் பணி அம்மாதம் 3 ஆம் நாள் நாடெங்கும் தொடங்கிற்று. சிங்கம்புணரியில் நான் உயிரியல் கற்பிக்கும் பள்ளியிலும் ஒரு வகுப்பறையை ஒழித்துக் கொடுத்தோம். செவிலியர் இருவர் வந்து அமர்ந்தனர். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் மட்டும் முகக்கவசம் அணிந்து, சன்னல் ஓரத்தில் காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டிருந்தேன். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அருகில் வந்தான். தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, நீங்கள் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டீர்கள். ஆனால் அது உங்கள் உடம்பில் சரியாகப் பிடிக்கவில்லை என்று வகுப்பில் நீங்களே சொன்னீர்கள். பிடிக்காத ஊசியைப் போட்டுக்கொள்ளும்படி எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள்?"

அந்தக் கேள்வியை நான் குறும்பாகக் கருதவில்லை. அறிவுள்ள பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆயினும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவன் முறையும் வந்துவிட்டது. அன்று நான் கூறிய விடை அரைகுறையாகவே நின்றுபோயிற்று. அதன் முழு விடையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்த விடை என் உடலிலிருந்து தொடங்குகிறது. ஆகையால் என்னைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரியின் பறம்பு என்று போற்றப்படும் பிரான்மலைக்கு அண்மையில் உள்ளது எங்கள் ஊர். தென்னை நாரினால் கயிறு திரிப்பது இங்கே பெருந்தொழில். எங்கள் குடும்பமும் அத்தொழிலால் பிழைத்த குடும்பமே. என் தந்தையாரும் தாயாரும் கயிறு திரித்து என்னைப் படிக்க வைத்தார்கள். படித்து ஆசிரியனானேன். ஆனால் பிள்ளைகளுக்கு உடல்நலம் பற்றிப் பாடம் சொன்ன நான், என் உயர்ந்த இரத்த அழுத்தத்தைப் பல ஆண்டுகள் கவனியாமல் விட்டுவிட்டேன். என் முப்பத்தேழாம் வயதில் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுபட்டன. வாரத்தில் இரண்டு நாள் பேருந்தில் மதுரைக்குச் சென்று, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புக்காகப் படுத்துக் கிடப்பேன். ஓராண்டுக் காலம் இவ்வாறு கழிந்தது.

2013 ஆம் ஆண்டில் என் தமக்கையார் தம்முடைய சிறுநீரகங்களுள் ஒன்றை எனக்குத் தந்தார். "எனக்கு இரண்டு இருக்கின்றன, உனக்கு ஒன்றுமில்லை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்பதே அவர் பேசிய பேச்சு. கணக்கு அவ்வளவு எளிதாக இருந்தது அவருக்கு. அறுவை நல்ல முறையில் முடிந்தது. அன்று முதல் இன்று வரை அக்காளின் சிறுநீரகமே எனக்காக உழைத்து வருகிறது.

ஆனால் நண்பர்களே, தந்தவர் அக்காள் என்பது எனக்குத் தெரியும். என் உடலுக்குத் தெரியாது. நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரைப் போன்றவை. ஊராரையும் அயலாரையும் பிரித்தறிந்து, அயலார் என்று கண்டால் வாளை ஓங்குவதே அவற்றின் தொழில். நோய்க் கிருமியும் அவற்றுக்கு அயலான். அக்காளின் சிறுநீரகமும் அயலான். அன்பு, உறவு, நன்றி என்பனவெல்லாம் வெள்ளணுக்கள் அறியாத சொற்கள்.

இந்த உண்மையை உலகிற்கு விளக்கியவருள் தலையாயவர் பீட்டர் மெடவார் என்னும் ஆங்கில அறிஞர். இரண்டாம் உலகப் போரின்போது தீப்புண் பட்டவர்களுக்குப் பிறர் தோலை ஒட்டிக் குணப்படுத்த முயன்றார்கள். ஒட்டிய தோல் சில நாட்கள் உயிருடன் இருந்துவிட்டுப் பின் அழிந்து உதிர்ந்தது. அதே மனிதரின் தோலை இரண்டாம் முறை ஒட்டிப் பார்த்தால், அது முன்னிலும் விரைவாக உதிர்ந்தது. முதல் முறை வந்த அயலானை உடல் நினைவு வைத்துக்கொண்டது என்பதே இதன் பொருள். இத்துறையில் மெடவார் செய்த ஆராய்ச்சிக்காக 1960 ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இந்த 'நினைவு' என்னும் சொல்லை மறவாதீர்கள். தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது மீண்டும் அதனிடம் வருவோம்.

1954 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரி என்பவர் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றொருவர் உடலில் வெற்றியுடன் பொருத்தினார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். ஆகையால் உடல் எதிர்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் இரட்டையர் இருப்பாரா? மற்றவர்களுக்குக் காவலைத் தளர்த்தும் மருந்து வேண்டியிருந்தது. அறுவை வல்லுநர்கள் ஒருபுறம் உழைக்க, மருந்தைத் தேடியவர்கள் மண்ணைத் தோண்டினார்கள் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆனால் அதுவே உண்மை. 1970 களில் ஆராயப்பட்ட சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. நான் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், 1984 இல் ஜப்பானில் சுக்குபா என்னும் இடத்து மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. நம் நாட்டில் 1971 ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்டது. இவ்வளவு பேர் உழைத்துப் போட்ட பாதையில்தான் என்னைப் போன்றவர்கள் இன்று நடக்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும், பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறாமல், நான் மாத்திரை உட்கொள்ள வேண்டும். ஒன்று வெள்ளணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் அபாயக் குரலை அடக்குகிறது. மற்றொன்று அவை பல்கிப் பெருகுவதைத் தடுக்கிறது. இன்னொன்று பொதுவாகவே அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. சுருங்கச் சொன்னால், என் ஊர்க் காவலனின் கையை நானே கட்டி வைத்திருக்கிறேன். அவ்வாறு கட்டினால்தான் அக்காள் தந்த விருந்தாளி உயிரோடு இருக்கும். அவ்வாறு கட்டியதனாலேயே திருடன் வந்தாலும் காவலன் முழு வலிமையுடன் ஓடிவர மாட்டான். இரண்டையும் சேர்த்தே நான் ஏற்றுக்கொண்டேன்.

ஏழாண்டுகள் இந்த ஏற்பாடு பெரிய துன்பமின்றி நடந்தது. காய்ச்சிய நீர் குடித்தேன். சந்தையில் வெட்டி வைத்த பழத்தை உண்ணவில்லை. சளி பிடித்தவர் அருகில் அமரவில்லை. பிறகு 2020 ஆம் ஆண்டு வந்தது.

மார்ச் 11 ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று கூறிற்று. அதே மாதம் 25 ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. பேருந்துகள் நின்றன. எனக்கு வேண்டிய மாத்திரைகள் மதுரையில் இருந்தன. நான் சிங்கம்புணரியில் இருந்தேன். கையிருப்பு பதினொரு நாளைக்கு மட்டுமே வரும். அதற்குமேல் மாத்திரை இல்லாமற் போனால் அக்காளின் சிறுநீரகம் தாங்காது. பால் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு மட்டும் வழி இருந்தது. அந்த வண்டியின் ஓட்டுநர், எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர், பால் பாத்திரங்களுக்கு நடுவே என் மருந்துப் பொட்டலத்தைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். வாசலுக்கு வெளியே நின்றபடியே, "சார், எண்ணிப் பாருங்கள்" என்று குரல் கொடுத்தார். மூன்று மாதம் அவ்வாறே செய்தார். கூலி கேட்கவில்லை.

எங்களுக்கு அந்நோய் எவ்வளவு கொடியது என்பது விரைவில் தெரியவந்தது. சிறுநீரக மாற்றுப் பெற்று, பின்னர்க் கொரோனா கண்ட 250 பேரை நம் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்தன. 100 பேருக்கு ஏறத்தாழ 12 பேர் என்னும் அளவில் இறந்திருந்தனர். பொதுமக்களிடையே கண்ட இறப்பைக் காட்டிலும் இது பல மடங்கு மிகுதி. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆகவே தடுப்பூசி வருகிறது என்று கேட்டபோது என்னைப் போல் மகிழ்ந்தவர் எங்கள் தெருவில் வேறொருவர் இருந்திருக்க மாட்டார்.

2021 ஜனவரி 16 ஆம் நாள் மருத்துவப் பணியாளர்களுக்கு முதலில் ஊசி போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து வயது நிறைந்த எல்லோருக்கும் என்றார்கள். அந்த வயது எனக்கு நிறைந்திருந்தது. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் முதல் வாரத்திலேயே போட்டுக்கொண்டேன். நம் நாட்டில் பெருவாரியாகப் போடப்பட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகிய இரண்டிலும் உடலில் பெருகக்கூடிய உயிருள்ள நோய்க்கிருமி இல்லை. ஆகையால் எங்களைப் போன்றவர்களும் அவற்றை அச்சமின்றிப் போட்டுக்கொள்ளலாம். அம்மைக்கோ மஞ்சள் காய்ச்சலுக்கோ போடும், உயிருள்ள கிருமியைத் தளர்த்திச் செய்த ஊசிகளை நாங்கள் போட்டுக்கொள்ளலாகாது. இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லா ஊசிக்கும் அஞ்சுகிறவர்கள் உண்டு. அறியாமல் எல்லா ஊசியையும் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

முதல் ஊசி போட்டுக்கொண்ட ஒரு மாதத்தில் இரண்டாம் அலை வந்தது. மே மாதம் காரைக்குடியிலிருந்த என் அக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். மருத்துவமனையில் சேர்த்துப் பிராணவாயு கொடுத்தார்கள். செய்தி கேட்டதும் நான் புறப்பட்டுவிட்டேன். முழு ஊரடங்கு, வண்டிக்கு அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டேன். என் சிறுநீரகம் பழுதுபட்டபோது ஓராண்டு முழுவதும் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு என்னோடு மதுரைக்கு வந்துபோனவர் அவர். அவர் படுத்திருக்கும்போது நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி?

அப்போது தொலைபேசி ஒலித்தது. அக்காள்தான். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கிற்று.

"தம்பி, நீ வந்துவிடாதே. எனக்கு இருந்தது இரண்டு. ஒன்றைத்தான் உனக்குக் கொடுத்தேன். அதைக் கொண்டுவந்து இந்த நோய்க்குக் கொடுத்துவிடாதே."

நான் போகவில்லை. நண்பர்களே, போகாமல் இருப்பதும் ஒரு செயல்தான் என்பதையும், அது போவதைக் காட்டிலும் கடினமான செயல் என்பதையும் அந்தப் பத்து நாட்களில் கற்றுக்கொண்டேன். அக்காளைக் கவனித்தவர் ஒரு செவிலியர். அந்தப் பெண்மணி இரண்டு ஊசியும் முன்பே போட்டுக்கொண்டவர். அதனால் துணிந்து அருகே சென்றார், தலையணையைச் சரிசெய்தார், கஞ்சி ஊட்டினார், இரவில் கைப்பேசியைக் காதருகே பிடித்து என்னோடு பேசவைத்தார். பதினோராம் நாள் அக்காள் வீடு திரும்பினார். என்னால் செல்ல முடியாத இடத்துக்கு என் பொருட்டுச் சென்றவர் அந்தச் செவிலியர். அவர் கையில் போட்ட ஊசி என் அக்காளுக்கும் உதவிற்று என்று நான் சொன்னால் அது மிகையாகுமா?

ஜூலை மாதத்தில் எனக்கு இரண்டாம் ஊசி. ஆகஸ்டில் என் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாக் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காணும் சோதனை அது. இல்லை என்றே சொல்லத்தக்க அளவு அது குறைந்திருந்தது.

இது ஏன் என்பதை ஓர் உயிரியல் ஆசிரியன் விளங்கிக்கொள்வது எளிது, ஏற்றுக்கொள்வதுதான் அரிது. தடுப்பூசி என்பது உடலுக்கு வரும் ஆசிரியர். நோயின் உருவத்தில் ஒரு பகுதியைக் காட்டி, "இவன் வந்தால் விடாதே" என்று பாடம் சொல்கிறது. அந்த உருவத்தை அறிந்துகொள்ளும் வெள்ளணுக்கள் மிகச் சிலவே இருக்கும். அந்தச் சில அணுக்கள் பல்கிப் பல்லாயிரம் ஆகவேண்டும். அவற்றுள் ஒரு சாரார் எதிர்ப்பொருளைச் செய்யும் தொழிற்சாலைகளாக மாறுவர்; மற்றொரு சாரார் நெடுநாள் நினைவு வைத்திருப்பர். மெடவார் தோலில் கண்ட அதே நினைவுதான் இது. ஆனால் என் மாத்திரைகள் செய்யும் வேலை என்ன? அபாயக் குரலை அடக்குவதும், அணுக்கள் பல்குவதைத் தடுப்பதுமே. ஆசிரியர் நேரத்துக்கு வந்தார். பாடமும் நன்றாகவே நடத்தினார். மாணவர்களை நான் மாத்திரை கொடுத்து உறங்க வைத்திருந்தேன். குறை ஊசியில் இல்லை.

நான் மட்டும் இப்படி இருக்கவில்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2021 இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உறுப்பு மாற்றுப் பெற்ற 658 பேர் அங்கு வழங்கிய வேறு வகைத் தடுப்பூசியை இரண்டு முறையும் போட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் 100 க்கு 46 பேரிடம் எதிர்ப்பொருள் காணப்படவில்லை. மற்ற 54 பேரிடம் காணப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊசி எங்களுக்குப் பயன்படாது என்பது இதன் பொருளன்று. சிலருக்குப் போதாது என்பதே பொருள். எதிர்ப்பொருள் ஒன்றே காவலும் அன்று. சோதனையில் அகப்படாத அணுக்களின் நினைவும் ஓரளவு துணை செய்யக்கூடும். ஆகையால்தான் அந்த ஆண்டு அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு மூன்றாம் ஊசி வேண்டும் என்று கூறிற்று. நம் நாட்டில் 2022 ஏப்ரல் 10 முதல் வயதுவந்தோர் அனைவரும் மூன்றாம் ஊசி போட்டுக்கொள்ள வழி பிறந்தது. நான் போட்டுக்கொண்டேன். இம்முறை சோதனையில் சிறிது பயன் தெரிந்தது. அரைப் பாடமாவது மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

இடையில் எனக்கு ஒரு குறுக்கு எண்ணம் தோன்றியதையும் உங்களிடம் மறைக்கவில்லை. "மாத்திரையை ஒரு மாதம் நிறுத்திவிட்டு ஊசியைப் போட்டுக்கொண்டால் நன்றாகப் பிடிக்குமே?" என்று என் மருத்துவரிடம் கேட்டேன். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஊசி பிடிக்கலாம். அதற்குள் உங்கள் அக்காளின் சிறுநீரகம் போய்விடும். திருடனுக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவார்களா?" என்றார். அந்த எண்ணத்தை அன்றே விட்டொழித்தேன். இத்தகைய மாத்திரை உண்பவர் உங்கள் வீட்டில் யாரேனும் இருந்தால், மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை கூட நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

தம்பி, என் உடலில் பிடிக்காத ஊசியை உன்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். முதற்கண் அது உன் உடலில் பிடிக்கும் என்பதற்காக. உன் காவலனின் கை கட்டப்படவில்லை. உன்னைக் கடும் நோயிலிருந்தும் இறப்பிலிருந்தும் அது பெரிதும் காக்கும். இரண்டாவது காரணம் நான். உன்னைப் பற்றாத நோய் உன் வழியாக என்னிடம் வராது. எனக்கு வேலி கட்ட என்னிடம் முள் இல்லை. நீயும், உன் வகுப்பும், உன் தெருவும் கட்டிக்கொள்ளும் வேலிதான் எனக்கும் வேலி.

இதற்குச் சான்று வேண்டுமானால் பெரியம்மையை நினைத்துப் பாருங்கள். 1796 இல் எட்வர்டு ஜென்னர் கண்ட முறை 1802 இல் பம்பாயில் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு முதலில் செய்யப்பட்டது. 1975 ஆம் ஆண்டோடு நம் நாட்டில் பெரியம்மை ஒழிந்தது. 1980 இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவித்தார்கள். கடுமையான தோல் நோய் உள்ளவர்கள் அந்த அம்மைப்பாலைக் குத்திக்கொள்ள முடியாது. குத்தினால் அவர்களுக்குத் தீங்கு விளையும். அவர்களையும் இன்று பெரியம்மை தீண்டுவதில்லை. மற்றவர்கள் குத்திக்கொண்டார்கள், நோய் நடமாட வழியின்றி மாய்ந்தது.

ஆனால் உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. கொரோனா பெரியம்மை போன்றதன்று. அது வேடம் மாற்றிக்கொண்டே வந்தது. ஊசி போட்டுக்கொண்டவரையும் அது பற்றியதுண்டு. அவரிடமிருந்து பிறருக்குப் பரவியதும் உண்டு. நோயின் கடுமையை ஊசி தடுத்த அளவுக்குப் பரவுதலைத் தடுக்கவில்லை. ஆகையால் ஊசி மட்டும் வேலியாகாது. காய்ச்சல் கண்ட பிள்ளை ஒருநாள் வீட்டில் தங்குவதும், வகுப்பறைச் சன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடுவதும், நெரிசலில் முகக்கவசம் அணிவதும் அந்த வேலியின் முட்களே. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் செலவாகாது. பிறரை நினைத்துப் பார்க்கும் ஒரு கணம்தான் செலவு.

2023 மே 5 ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. நாடு மகிழ்ந்தது; நானும் மகிழ்ந்தேன். ஆனால் என் காவலனின் கட்டு அன்று அவிழவில்லை, இன்றும் அவிழவில்லை. அண்மையில் ஒரு திருமணத்தில் நான் முகக்கவசத்தோடு அமர்ந்திருந்தேன். உறவினர் ஒருவர் பந்தியில் எல்லோரும் கேட்க, "மூன்று ஊசி போட்டும் உயிர் மேல் இவ்வளவு ஆசையா?" என்று சிரித்தார். சிலர் கூடச் சிரித்தார்கள். என் அக்காள் எதிர்வரிசையில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். "அவன் உயிர் மேல் மட்டும் அன்று, அதில் பாதி என்னுடையது" என்றார். பந்தி அமைதியாயிற்று. அதற்குமேல் யாரும் பேசவில்லை.

என்னைப் போன்றவர்களை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள், ஆனால் அறிவதில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் தாய், மூட்டு வாதத்திற்கு நெடுங்காலம் மாத்திரை உண்ணும் பாட்டி, எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் இளைஞர், பிறந்து சில நாளேயான குழந்தை ஆகியோர் யாவரும் ஏதோ ஒரு வகையில் காவல் குன்றியவர்கள். நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு அவர்கள் நடப்பதில்லை. உங்கள் பேருந்தில், உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டின் அடுத்த அறையிலேயே ஒருவர் இருக்கக்கூடும். முகக்கவசம் அணிந்த ஒருவரைக் காணும்போது, "ஏன்?" என்று கேளாமல் சற்று விலகி வழிவிட்டால் அதுவே பேருதவி.

எங்கள் ஊர்ச் சேவுகப்பெருமாள் ஐயனார் கோயிலில் வைகாசியில் தேரோட்டம் நடைபெறும். தேர் நிலைக்கு வரும்போது ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைப்பார்கள். பெருந்தொற்றினால் 2020 இலும் 2021 இலும் அந்த வீதி வெறிச்சோடிக் கிடந்தது. கட்டுப்பாடுகள் நீங்கியபின் தேர் மீண்டும் ஓடிற்று. இளமையில் நான் வடம் பிடித்து இழுத்தவன். இப்போது அந்த நெரிசலில் என்னால் இறங்க முடியாது. மாடியில் நின்று பார்க்கிறேன். நார் ஒவ்வொன்றும் தனியே எடுத்தால் ஒரு குழந்தையும் அறுக்கும். திரித்துச் சேர்த்த வடமோ தேரையே நகர்த்துகிறது. இழுக்க முடியாதவன் வீட்டு வாசலுக்கும் தேர் வந்து நின்றுவிட்டுத்தான் போகிறது. இழுத்தவர்கள் பலர் என்பதனால் அது வந்தது.

அந்த மாணவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அன்று என் அரைகுறை விடையைக் கேட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டான். திரும்பி வரும்போது நான் சொல்லாமலே வகுப்பறையின் மற்ற இரண்டு சன்னல்களையும் திறந்துவிட்டுச் சென்றான். என் கேள்விக்கு அவன் தந்த விடை அது. என் விடையைக் காட்டிலும் நல்ல விடை.